மூளையும் மொழியும் – 19: 36 கட்டங்களுக்குள் தமிழ்

சென்ற இதழை ஸ்டீபன் ஹாக்கிங்கின் கன்னத்தில் நிறுத்தியிருந்தோம். 1963இல், 21 வயதில், அவருக்கு ஏ.எல்.எஸ். என்று தெரிந்தது. 1985இல் மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டதோடு குரல் போயிற்று. கைவிரல் அசைந்தவரை பொத்தானை அழுத்திச் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். விரலும் ஓய்ந்தபின் கன்னத்துத் தசை ஒன்றின் துடிப்பை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி பிடித்துக் கணினிக்குச் சொன்னது. அந்தத் தசையும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியோடு முடித்தோம். தசையே வேண்டாம், மூளையிடமே நேராகக் கேட்போம் என்று கிளம்பியவர்களின் கதை இது. ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போவதற்கு முன், சென்னையிலிருந்து தொடங்குவோம்.

சென்னையின் பெயரில் ஒரு நோய்

1869இல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ ஏ.எல்.எஸ். நோயை விவரித்தார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. சிலருக்கு முதலில் சட்டைப் பொத்தான் போட விரல் மறுக்கும்; சிலருக்கு நாக்கு குழறும், விழுங்கும்போது புரையேறும். கை கால் ஓய்ந்த பிறகும் கண் பார்க்கும், காது கேட்கும், பெரும்பாலோருக்கு அறிவும் தெளிவாகவே இருக்கும். மூச்சுத் தசைகள் தளர்வதால் பலர் 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். மூச்சுக்கருவியை ஏற்றுக்கொண்டவர்கள் அதற்குப் பின்னும் வாழ்கிறார்கள். பேச வழியில்லாமல் வாழும் அந்த ஆண்டுகளைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. அங்கே வந்த சில நோயாளிகள் ஷார்கோவின் வரையறைக்குள் அடங்கவில்லை. ஷார்கோவின் நோய் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களைப் பிடிக்கும். இவர்களோ பள்ளி, கல்லூரி வயதினர். கை கால் மெலிந்தது, முகத்தசை தளர்ந்தது, பேச்சும் விழுங்குதலும் சிரமமாயின. ஆனால் நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்தது. இன்னொரு விசித்திரமும் இருந்தது: பலருக்குக் காது கேட்காமல் போயிற்று. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் 1970இல் இதை எழுதினார்கள். உலக மருத்துவ நூல்களில் அது ‘மதராஸ் வகை இயக்க நரம்பணு நோய்’ என்று பதிந்தது. நகரம் சென்னை ஆன பிறகும் நோயின் பெயர் மாறவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1971 முதல் 2007 வரை தாங்கள் பார்த்த இத்தகைய 116 தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி 2008இல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள்.

இதே நோய் சென்னைக்கு வெளியே ஒரு மலையூரில் வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மதராஸ் கட்டுரை வந்த 1970இல் கள்ளக்குறிச்சி பழைய தென் ஆற்காடு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அதற்கு மேலே கல்வராயன் மலை இன்னும் ஜாகிர்தார்கள் பிடியில் இருந்தது. 1976இல்தான் அது முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சுதந்திர இந்தியாவின் நிர்வாகமே அவ்வளவு தாமதமாக ஏறிய மலை அது. அங்கே ஓர் இளைஞனுக்குப் பேச்சும் செவியும் ஒருசேர மங்கினால் எந்தக் கருவி உதவும்? எழுத்துகளை ஒலியாகக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் கருவி அவனுக்குப் பயன்படாது. கண்ணால் பார்த்துத் தேர்வதே பொருந்தும். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் செய்த கருவியை அப்படியே வாங்கி மாட்ட முடியாது என்பதற்கு, நம் ஊர்ப் பெயர் தாங்கிய நோயே முதல் சான்று.

அலையைப் பிடித்தவர்கள்

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் மனித மண்டையின் மேலிருந்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். தன் கண்ணையே நம்பாதவர்போல ஐந்து ஆண்டுகள் சரிபார்த்து 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் நொடிக்குப் பத்துத் தடவைபோல ஏறி இறங்கும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிப்போகும். அதற்கு ஆல்பா என்று பெயரிட்டார்.

இந்த அலையை ஒருவர் விரும்பியபடி ஆட்டிவைக்க முடியுமா? அந்தக் கேள்வியின் ஒரு கிளை இந்தியாவுக்கு வந்தது. 1961இல் டெல்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலையைப் பதிவு செய்தனர். தியானத்தில் ஆழ்ந்தவர்களிடம், வெளியே ஒலியோ ஒளியோ வந்தாலும் ஆல்பா அலை கலையவில்லை என்று கண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் சிகாகோவில் ஜோ கமியா, சாதாரண மனிதர்களுக்கும் தங்கள் ஆல்பா அலை எப்போது எழுகிறது என்று உணரப் பழக்க முடியும் எனக் காட்டினார். யோகிக்குப் பல்லாண்டுப் பயிற்சி கொடுத்ததை, ‘இப்போது எழுந்தது, இப்போது அடங்கியது’ என்று உடனுக்குடன் சொல்லும் ஒரு கருவி ஓரளவு கொடுத்துவிட்டது.

1973இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜாக் விடால் இந்த இழைகளை ஒன்றாக முறுக்கி, மூளையும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூளை–கணினி இடைமுகம் என்று இன்று நாம் வழங்கும் பெயர் அங்கேதான் பிறந்தது.

பேருந்து நிலையமும் 36 கட்டங்களும்

பெயர் வைத்தாயிற்று, எழுத்தை எப்படி எடுப்பது? ‘க’ என்று நினைத்தால் மண்டைக்கு மேலே தெரியும் அலையில் ‘க’ தெரியாது. கோடிக்கணக்கான நரம்பணுக்களின் இரைச்சல் எலும்பையும் தோலையும் கடந்து கலங்கலாகத்தான் வெளியே வருகிறது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஃபார்வெலும் இமானுவேல் டான்சினும் ஒரு குறுக்குவழி கண்டார்கள். நினைப்பதைப் படிக்க வேண்டாம். எதிர்பார்த்தது வந்ததும் மூளை நிமிர்கிறதே, அதைப் பிடித்தால் போதும்.

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் நடத்துனர்கள் சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், கச்சிராயபாளையம் என்று ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே இருப்பார்கள். காத்திருப்பவர் காதில் எல்லாப் பெயரும் விழும். தன் ஊர்ப் பெயர் வந்ததும்தான் தலை நிமிரும். மூளைக்குள்ளும் அதே நிமிர்வு ஒரு மின்மேடாக எழுகிறது. எதிர்பார்த்த தூண்டல் வந்து ஏறக்குறைய 300 மில்லிநொடியில் எழுவதால் அதற்கு பி300 என்று பெயர். 1965இல் சாமுவேல் சட்டன் குழு கண்டுபிடித்தது அது.

ஃபார்வெலும் டான்சினும் திரையில் நீளம் 6, அகலம் 6 என 36 கட்டங்கள் போட்டார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகளும் சில கட்டளைகளும் இருந்தன. வரிசைகளும் நெடுக்கைகளும் மாறி மாறிப் பளிச்சிடும். பார்ப்பவர் தனக்கு வேண்டிய எழுத்தில் மட்டும் கவனத்தை வைத்திருப்பார். அவர் எழுத்து உள்ள வரிசையும் நெடுக்கையும் ஒளிரும்போது மேடு எழும். இரண்டும் வெட்டும் கட்டமே அவர் எழுத்து. ஒரு முறை ஒளிர்ந்தால் இரைச்சலில் மேடு மறைந்துவிடும் என்பதால் பலமுறை ஒளிரவிட்டுக் கூட்டிப் பார்க்க வேண்டும். அன்றைய வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜோனதன் வோல்பாவின் குழு, ஏ.எல்.எஸ். வந்த ஓர் அறிவியலாளரின் வீட்டிலேயே இத்தகைய கருவியை வைத்தது. இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதைக் கொண்டு மின்னஞ்சல் எழுதித் தன் ஆய்வகத்தை நடத்தினார் என்று 2010இல் வெளியிட்டார்கள். மின்முனைத் தொப்பியை மாட்டி, பசையிட்டு, கணினியை இயக்கியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், அவரைப் பார்த்துக்கொண்டவர்கள். வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க முடியாத கருவி வீட்டில் நிலைக்காது என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

இப்போது 36ஐத் தமிழோடு பொருத்திப் பார்ப்போம். தமிழுக்கு 247 எழுத்து, இந்தக் கட்டத்துக்குள் எங்கே அடங்கும் என்று தோன்றலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டது. உயிர் 12, மெய் 18, புள்ளிக்கும் ஆய்தத்துக்குமாக ஒன்று. மொத்தம் 31 விசைகள். உயிர்மெய்யெல்லாம் இரண்டின் சேர்க்கை. 36இல் 31 போனால் மீதி 5. இடைவெளிக்கு ஒன்று, அழிக்க ஒன்று, எண்களுக்கு ஒன்று, கிரந்த எழுத்துகளுக்கு ஒன்று, ஆளைக் கூப்பிடும் மணிக்கு ஒன்று என்று வைத்தால் பலகை கச்சிதமாக நிரம்பிவிடும்.

‘தண்ணி வேணும்’ என்று எழுத இதில் எத்தனை தேர்வு? தமிழ்99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். அதனால் ‘தண்ணி’க்கு 4, இடைவெளிக்கு 1, ‘வேணும்’ எழுத 6; ஆக 11. நிமிடத்துக்கு 2.3 வீதம் என்றால் கிட்டத்தட்ட 5 நிமிடம். தாகத்தோடு இருப்பவருக்கு 5 நிமிடம் நீளம்தான். ஆனால் இந்த 11ஐக் குறைக்கும் வேலையில் மின்முனைக்குப் பங்கில்லை. அது மொழிக்காரர்களின் வேலை.

டூபிங்கனில் ஒரு கடிதம்

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பிர்பாமர் வேறு பாதையில் போனார். மூளையின் மேற்பரப்பில் நொடிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை விரும்பியபடி ஏற்றவோ இறக்கவோ நோயாளிகளைப் பழக்கினார். ஏற்றினால் ஒரு விடை, இறக்கினால் இன்னொரு விடை. எழுத்துகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ‘உன் எழுத்து இந்தப் பாதியிலா?’ என்று கேட்பது; ஆம் என்றால் அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குவது. மாதக்கணக்கில் பழகி, ஏ.எல்.எஸ். வந்த இருவர் எழுதத் தொடங்கினார்கள். அதில் ஒருவர் எழுதிய நன்றிக் கடிதத்தோடு 1999இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம் ஆயிற்று. முடங்கிய மனிதர்கள் தசையின் துணையில்லாமல் முழுக் கடிதம் எழுதியது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது.

கண்ணசைவுகூட நின்றுபோனவர்களிடம் பேச முடிந்ததாக அதே குழு 2017இல் வெளியிட்ட கட்டுரை, தரவுகளைப் பற்றி எழுந்த கேள்விகளுக்குப் பிறகு 2019இல் திரும்பப் பெறப்பட்டது. பேச்சற்றவரின் சார்பில் ‘அவர் ஆம் என்றார்’ என்று சொல்லும் துறை இது. கருவி தவறாகச் சொன்னால் மறுத்துப் பேச அவரால் முடியாது. எந்தத் துறையைவிடவும் சான்று இங்கே கறாராக இருக்க வேண்டியதற்குக் காரணம் அதுதான்.

2022இல் அந்தப் பாதையில் மறுபடி ஒரு செய்தி வந்தது. கண்ணும் நின்றுபோன நிலைக்குச் சென்ற ஜெர்மானிய இளைஞர் ஒருவரின் மூளையில் நுண்மின்முனைகளைப் பொருத்தி, அவரது நரம்பணுக்களின் வேகத்தை ஓர் ஒலியின் ஏற்ற இறக்கமாக அவர் காதிலேயே கேட்கவைத்தார்கள். ஒலியை மேலே தூக்கினால் ஆம், கீழே இறக்கினால் இல்லை. நிமிடத்துக்கு ஓர் எழுத்து வீதம் அவர் சூப் கேட்டார், பியர் கேட்டார், தன் மகனைப் பற்றிப் பாசமாக எழுதினார். மதராஸ் வகை நோயில் காது மங்கியவருக்கு இந்தக் கதவு திறக்காது என்பதை இங்கே மறக்கக் கூடாது.

எலும்புக்கு உள்ளே

மண்டைக்கு மேலே கலங்கலாகக் கேட்கும் ஒலி, உள்ளே போனால் தெளிவாகும். 1996இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கென்னடியும் ராய் பேக்கேயும் ஏ.எல்.எஸ். வந்த ஒரு பெண்ணின் மூளைக்குள் கண்ணாடிக் கூம்பு போன்ற மின்முனையை வைத்தார்கள். அவர் சில மாதங்களில் இறந்துவிட்டார். ஆனால் சிக்னலை அவரால் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது என்று தெரிந்துகொண்டார்கள். 2004இல் பிரெயின்கேட் என்ற ஆய்வில், கழுத்துக்குக் கீழே முடங்கிய மாத்யூ நேகல் என்ற இளைஞர் 96 நுண்முனைகள் கொண்ட ஒரு சிறு தகட்டின் உதவியால் கணினிச் சுட்டியை நகர்த்தினார்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2015இல் நடந்ததுதான் வீட்டுக்கு மிக அருகில் வந்த முயற்சி. ஏ.எல்.எஸ். முற்றிய 58 வயதுப் பெண்மணிக்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைப் பட்டைகளும் காறை எலும்புக்குக் கீழே ஒரு சிறு கருவியும் பொருத்தினார்கள். வெளியே கம்பி கிடையாது. கையை அசைக்க முயன்றால் கணினியில் ஒரு ‘கிளிக்’. நிமிடத்துக்கு 2 எழுத்து போல எழுதினார். கண்ணசைவைப் பின்தொடரும் கருவி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் வெளியே வெயிலில் அது தடுமாறும். அப்போதெல்லாம் இது கைகொடுத்தது. ஏழு ஆண்டுக்கு மேல் பயன்பட்டு, பின்னர் மூளைத் திசு மெலிந்ததால் சிக்னல் தேய்ந்தது என்று 2024இல் தெரிவித்தார்கள். மண்டையோட்டைத் திறக்காமலே, கழுத்துச் சிரை வழியாக ஒரு வலைக்குழாயை மூளையின் இரத்தக்குழாய்க்குள் கொண்டுபோய் வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆக்ஸ்லியின் குழு ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்திருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் எழுத்துக் கூட்டும் கருவிகள். 2023இல் கதை திரும்பியது. ஸ்டான்ஃபோர்டில் ஏ.எல்.எஸ். வந்த ஒரு பெண்மணி பேச முயன்றபோது நாக்கையும் உதட்டையும் தாடையையும் இயக்கும் பகுதியில் எழுந்த சிக்னலைப் படித்து, நிமிடத்துக்கு 62 சொல் வேகத்தில் வாக்கியமாக்கினார்கள். 1,25,000 சொல் அகராதியில் நான்கு சொல்லுக்கு ஒன்று போலத் தவறியது. 2024இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் செர்கே ஸ்டாவிஸ்கி, டேவிட் பிராண்ட்மேன் குழு 45 வயதான ஒருவருக்கு 4 தகடுகளில் 256 மின்முனைகள் பொருத்தியது. அதே 1,25,000 சொல் அகராதியில் 97.5 விழுக்காடு சரியாக வந்தது. நோய்க்கு முன்னால் அவர் பேசிய பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு கணினிக் குரலை அவருடைய குரலாகவே அமைத்தார்கள்.

97.5 எங்கிருந்து வந்தது?

எல்லாப் பெருமையும் மின்முனைக்குப் போய்விடக் கூடாது. மூளைச் சிக்னலிலிருந்து கருவி ஊகிப்பது ஆங்கிலத்தின் 39 அடிப்படை ஒலிகளை மட்டும்தான். அதுவும் ‘இதுவா இருக்கலாம், அதுவா இருக்கலாம்’ என்ற அளவில். அந்த மங்கலான ஊகத்தைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் தீட்டிக்கொடுப்பது, கோடிக்கணக்கான ஆங்கில வாக்கியங்களைப் படித்துப் பழகிய மொழி மாதிரி. ஹாக்கிங்கின் கணினியில் 2014இல் ஸ்விஃப்ட்கீ நிறுவனத்தின் சொல்கணிப்பைச் சேர்த்தபோதும் அதை அவருடைய எழுத்துகளைக் கொண்டே பழக்கினார்கள். முதல் சில எழுத்திலேயே முழுச் சொல் வந்து நின்றது.

ஆக, வேகத்தின் பெரும்பங்கு மொழியிலிருந்து வருகிறது. சீனர்கள் தங்கள் மொழியின் தொனி வேறுபாட்டை மூளைச் சிக்னலில் பிரிக்கும் ஆய்வை 2023இல் வெளியிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழு, பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் பேச 2024இல் வழிசெய்தது. வாயை இயக்கும் மூளைப் பகுதி இரு மொழிக்கும் பொதுவாகவே நடந்துகொண்டது. ஒரு மொழியில் பழகியது மறு மொழிக்கு உதவியது. உள்ளே வைக்கும் தகட்டைத் தமிழுக்கென்று தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தகட்டுக்குப் பின்னால் உள்ள பாதியைத் தமிழுக்கு நாம்தான் செய்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் எவரும் அதைச் செய்து தரப்போவதில்லை.

அந்தப் பாதியில் என்னென்ன உண்டு? முதலில் சொல்தொகை. ஆங்கிலத்துக்கு 1,25,000 சொல் போதும். தமிழில் ‘வா’ என்ற ஒரு வினையே வந்தேன், வந்துட்டேன், வரமாட்டேன், வந்துக்கிட்டிருக்கேன், வரலைன்னாலும் என்று ஆயிரக்கணக்கில் விரிகிறது. முழுச் சொல்லைப் பட்டியலிட்டு மாளாது; பகுதியையும் விகுதியையும் தனித்தனியே கணிக்கும் மாதிரி வேண்டும். அடுத்தது ஒலி. தமிழ் எழுத்து ‘க’வை மூவிதமாக ஒலித்தாலும் ஒன்றாகவே எழுதுவதால் கருவிக்கு அங்கே வேலை குறைகிறது. ல, ள, ழ மூன்றிலும் நாக்கு அருகருகே நிற்பதால் அங்கே வேலை கூடுகிறது. மூன்றாவது, கட்டிலில் படுத்திருப்பவர் செய்தி வாசிக்கப்போவதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் ‘வீடு’ பலர் வாயில் ‘வூடு’. ‘என்ன’ என்பது ‘இன்னா’. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சுக்கோ தனி நடை உண்டு. நூல்தமிழை மட்டும் படித்த மாதிரி இவர்களைத் திருத்திக்கொண்டே இருக்கும், பேசவிடாது.

கற்கள் அடுக்கத் தொடங்கியாயிற்று என்பது ஆறுதல். சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் தலைமையில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள் உருவானது. அங்கேயே ஏ.ஐ.4பாரத் குழு மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைத் திரட்டுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் ஒரு பக்கம் தமிழ் எழுத்துணரியும் தமிழ்க் குரலும் செய்தார். இன்னொரு பக்கம் மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சொல்லை மூளை அலையிலிருந்து படிக்கும் ஆய்வை நடத்தினார். சென்னையின் அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, பேச இயலாத குழந்தைகளுக்காக உருவாக்கிய ‘ஆவாஸ்’ 2010இல் தேசிய விருது பெற்றது. படத்தைத் தொட்டால் கருவி பேசும். மூளைச் சிக்னலைப் படிப்பவர்களும் தமிழைக் கணினிக்குக் கற்பிப்பவர்களும் ஒரே நோயாளியின் கட்டிலருகே சேர்ந்து உட்கார்வதே அடுத்த படி.

வெள்ளிமலைக்கு எது ஏறும்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலையில் சாலை, மருத்துவம் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 256 மின்முனை அங்கே ஏறுவதற்கு முன் ஏற வேண்டியவை பல.

அவற்றில் முதலாவதற்கு மின்சாரம்கூட வேண்டாம். டூபிங்கனில் எழுத்தைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள் அல்லவா? தமிழ் இலக்கணம் அந்த வேலையைப் பள்ளிக்கூடத்திலேயே முடித்து வைத்திருக்கிறது. ‘உயிரா, மெய்யா?’ என்று வீட்டார் கேட்கட்டும். மெய் என்றால் கண் சிமிட்டல். ‘வல்லினமா, மெல்லினமா, இடையினமா?’ என்று அடுத்த கேள்வி. வல்லினத்தில் சிமிட்டினால் க, ச, ட, த, ப, ற என்று ஆறு எழுத்தை மெல்லச் சொல்லிக்கொண்டு போனால் போதும். மெய்க்கு மூன்றே கூட்டம், கூட்டத்துக்கு ஆறே எழுத்து. உயிருக்குக் குறில் 5, நெடில் 7. காது மங்கியவருக்கு இதையே ஓர் அட்டையில் பெரிதாக எழுதி விரலால் காட்டலாம். எழுத்தறியாதவருக்குத் தண்ணீர், வலி, புரண்டு படுக்க, கழிப்பறை, மூச்சு முட்டுது, ஆளைக் கூப்பிடு என்று படங்கள். மும்பையின் ஆஷா ஏக் ஹோப் அறக்கட்டளை 2018இல் இதுபோன்ற கண்ணசைவுக் குறிகளைத் தொகுத்து ஒரு கையேடாகவே வெளியிட்டது.

இரண்டாவது, குரல். டேவிஸ் நோயாளியின் கணினி அவர் குரலிலேயே பேசியதற்குப் பழைய பதிவுகள்தான் காரணம். நோய் உறுதியான வாரத்திலேயே, நாக்கு முழுவதும் குழறுவதற்கு முன், வீட்டுப் பேச்சிலேயே சில மணி நேரம் கைபேசியில் பதிவு செய்துவைக்கச் சொல்வது மருத்துவரின் மருந்துச் சீட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும். இதற்குச் செலவில்லை. தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது, ஆள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்தப் படியேறும் ஊழியரிடம் எழுத்து அட்டையும், அதைப் பழக்கும் அரைநாள் பயிற்சியும் இருந்தால் ஒரு குடும்பம் அன்று மாலையே பேசத் தொடங்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தகவல் தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பேச்சுக்கு மாற்றான இத்தகைய வழிகளும் அடக்கம். அட்டை தருவதைச் சலுகை என்று யாரும் கருத வேண்டியதில்லை.

இந்த மூன்றையும் செய்துவைத்த ஊருக்கு நாளை மின்முனை வந்தால் வேலை பாதியாகிவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லப் பழகிய நோயாளி இருப்பார். கேட்டுப் பொறுக்கப் பழகிய வீட்டார் இருப்பார்கள். அவர் குரலும், வட்டாரப் பேச்சும், எழுத்து அடுக்கும் கைவசம் இருக்கும். இவை இல்லாத ஊரில் எவ்வளவு விலை உயர்ந்த தகடும் வேறு யாரோ ஒருவரின் மொழியைத்தான் பேசும்.

(தொடரும்)

அடுத்த இதழில்: மூளையிலிருந்து எடுத்த சிக்னல் யாருடைய உடைமை? 2021இல் அரசியலமைப்பையே திருத்திய சிலி நாட்டின் கதை.